வீட்டு முன் ரூமை டாட்டூ ஸ்டூடியோவா மாத்தலாம்னு இருக்கேன், ஏற்கனவே வெச்சிருக்கறவங்க கொஞ்சம் சொல்லுங்க

கோட்டுக்காரி கேட்டது:

வணக்கம் மக்களே. எட்டு வருஷமா கடைல குத்திட்டு இருக்கேன். அதுல முதல் ஒண்ணரை வருஷம் தரை துடைக்கறது, ஸ்டென்சில் (தோல்ல ஒட்டற டிசைன் அச்சு) எடுக்கறது, செயற்கைத் தோல்ல கோடு போட்டுப் பழகறதுன்னு அப்ரெண்டிஸாவே போச்சு, அதனால வேலை கத்துக்காம மெஷின் வாங்கிட்டு வீட்ல உக்கார்ற கேஸுன்னு நெனச்சுடாதீங்க. இப்போ எங்கிட்ட வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க என் பேரைச் சொல்லித்தான் வர்றாங்க, எல்லாம் பெரிய பிளாக்வொர்க் (கறுப்பு இங்க்லயே நிரப்பறது), டாட்வொர்க் (புள்ளி புள்ளியா வெச்சு வரையறது), ஒரு பீஸுக்கு நாலு அஞ்சு சிட்டிங் போகும். கடைல என்ன ஆகுதுன்னா முதுகுல ஆறு மணி நேரம் புள்ளி வெச்சிட்டு இருக்கும்போது பக்கத்து சேர்ல பத்து நிமிஷத்துக்கு ஒரு ஆள் மாறுறான், சத்தம், கூட வந்தவங்க எட்டிப் பாக்கறது, ஃபோட்டோ எடுக்கறது. நாளைக்கு ஒரே ஆள், அமைதியா, அப்படி வேலை செய்யணும்னு ஆசை. பையனும் ஸ்கூல் போக ஆரம்பிச்சுட்டான், அவன் வர்ற நேரம் நான் வீட்ல இருந்தா நல்லா இருக்கும்.

வீட்ல முன்பக்கம் ஒரு ரூம் சும்மா கெடக்கு. தனி வாசல் இருக்கு, தரை டைல்ஸ். ஆனா சிங்க் இல்ல, பாத்ரூம் போகணும்னா வர்றவங்க ஹாலைத் தாண்டித்தான் போகணும். ஒரு பூனையும் இருக்கு.

என் சந்தேகம் என்னன்னா, வீட்ல குத்தறோம்னாலே ஸ்க்ராட்ச்சர்னு (அரைகுறையா குத்தறவங்கன்னு) பேர் வெச்சிடறாங்களே, அதை எப்படித் தாண்டறது? அப்புறம் எல்லாமே டிஸ்போசபிள் யூஸ் பண்ணா ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவில கருவியோட கிருமியைக் கொல்ற மெஷின்) தேவையா? முன்பின் தெரியாதவங்களை வீட்டுக்குள்ள விடறது எப்படி சமாளிக்கறீங்க? வீட்டுக்காரர் ஓகே சொல்லிட்டார், மாமியார் இன்னும் பதிலே சொல்லல.

மேக்னம்_மாமா:

ஒன்பது வருஷமா வீட்லதான் பண்றேன், அதனால நீளமா எழுதப்போறேன், பொறுமையாப் படிம்மா.

முதல்ல சேர், லைட், பெயின்ட் எதுவும் வாங்காத. உங்க ஏரியா ஹெல்த் ஆபீஸ்ல போய் வீட்ல குத்தறதுக்கு அனுமதி உண்டா, உண்டுன்னா என்ன கேக்கறாங்கன்னு எழுத்துல வாங்கிக்கோ. இது ஊருக்கு ஊர் மாறும், சில இடத்துல வீட்ல கூடவே கூடாது, சில இடத்துல தனி வாசல் இருந்து அந்த ரூம்ல யாரும் தூங்காம சமைக்காம இருந்தா ஓகே, சில இடத்துல ஆளுக்கு ஒரு பதிவு ரூமுக்கு ஒரு பதிவுன்னு ரெண்டு வேணும். வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட வாய்வார்த்தை பத்தாது. வீட்டு இன்ஷூரன்ஸ் இருக்குன்னு தைரியமா இருக்காத, சாதாரண வீட்டுப் பாலிசி பெரும்பாலும் வீட்ல நடக்கற தொழிலை கவர் பண்ணாது, ஒருத்தர் மயங்கி விழுந்து தலைல அடிபட்டா பாலிசிக்காரன் கேக்கற முதல் கேள்வியே அங்க என்ன நடந்துச்சுன்னுதான். தொழிலுக்குன்னு தனிப் பாலிசி எடுத்துக்கோ.

அடுத்தது சிங்க். இது இல்லாம ஆரம்பிக்கவே ஆரம்பிக்காத, நான் அந்தத் தப்பைப் பண்ணினவன். முதல் நாலு மாசம் ஹால் பாத்ரூம்ல கை கழுவிட்டு வருவேன். கை சுத்தமாத்தான் கழுவுவேன், ஆனா திரும்பி வர்றதுக்குள்ள பாத்ரூம் கதவு, ஹால் ஸ்விட்ச், என் ரூம் கதவு, மூணையும் அதே கையால தொட்டிருப்பேன். அப்புறம் கழுவி என்ன கழுவாம என்ன? ஒருநாள் நடுவுல க்ளவுஸோட எந்திரிச்சு கதவைத் திறந்துட்டேன், இங்க்கும் ரத்தமும் ஒட்டின க்ளவுஸ், அந்தக் கைப்பிடியை பத்து நிமிஷம் கழிச்சு என் பொண்ணு பிடிச்சுட்டு நிக்கறா. அன்னிக்கு ராத்திரி தூங்கல. மறுநாளே பிளம்பரைக் கூப்பிட்டேன். ரூமுக்குள்ளயே கை கழுவ மட்டும் ஒரு சிங்க், முழங்கையால திறக்கற டேப் இல்லன்னா சென்சார், சோப்பு டிஸ்பென்சர், பேப்பர் டவல். துணி டவல் வேண்டவே வேண்டாம். கருவி கழுவறதா இருந்தா அதுக்கு வேற சிங்க், கை கழுவற சிங்க்ல பண்ணக்கூடாது.

ரூமை எப்படிப் பிரிக்கறதுன்னு எனக்கு ஒரு பழைய ஆள் சொல்லிக்கொடுத்தார். கண்ணை மூடி ஒரு சிட்டிங்கை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் மனசுல ஓட்டிப் பாரு, எந்தெந்த நேரத்துல உன் கை அழுக்கா இருக்கு, அப்போ எதையெல்லாம் தொடுவ. அழுக்கு கை தொடற எல்லாத்துக்கும் ஒண்ணு உறை போடு இல்லன்னா அங்கிருந்து தூக்கிடு. மெஷினுக்கு பை, வயருக்கு ஸ்லீவ், பவர் சப்ளைக்கும் லைட் கைப்பிடிக்கும் பேரியர் ஃபிலிம், ஸ்ப்ரே பாட்டிலுக்கு பை, எல்லாம் பண்ணிட்டு கடைசில ஃபோனை அப்படியே எடுத்துப் பாட்டு மாத்துவாங்க பாரு, அதைப் பாத்தா எனக்கு ஆத்திரமா வரும்.

துணி சோஃபா, கார்பெட், தொங்கற திரைச்சீலை, மரப்பலகை டேபிள் எல்லாம் வெளிய. துடைச்சா துடைபடணும், ஈரம் உள்ள இறங்கக்கூடாது. டைல்ஸ் நல்லதுதான், ஆனா இடுக்குல இருக்கற சிமென்ட் ஈரத்தை இழுக்கும், அதை சீல் பண்ணிடு. துடைக்கற மருந்துக்கு பாட்டில்ல எத்தனை நிமிஷம் ஈரமா நிக்கணும்னு போட்டிருக்கும், அடிச்ச உடனே துடைச்சா அது வேலையே செய்யாது. பாதிப்பேர் இதைப் படிக்கறதே இல்ல.

லைட் விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம், 5000 கெல்வின் பக்கம் (பகல் வெளிச்சம் மாதிரி), சிஆர்ஐ (கலர் எவ்வளவு நிஜமா தெரியுதுங்கற அளவு) 90க்கு மேல, ரெண்டு பக்கத்துல இருந்தும் விழணும், ஒரே பக்கம்னா உன் கை நிழலே கோட்டு மேல விழும்.

பூனையைப் பத்தி என்ன சொல்ல. அந்த ரூமுக்குள்ள அது இனிமே கால் வெக்கவே கூடாது, லீவு நாள்லயும்தான். "வேலை நேரத்துல மட்டும் வெளிய விடறேன்"னு சொல்ற எல்லார் ரூம்லயும் ஸ்டென்சில் பேப்பர் டப்பாவுக்குள்ள முடி இருக்கும்.

ஆவி_பறக்குது:

ஆட்டோகிளேவ் கேள்விக்கு மட்டும் நான் சொல்றேன், ஆஸ்பத்திரி ஸ்டெரிலைசேஷன் பிரிவுல வேலை பாத்துட்டு அப்புறம் இந்தத் தொழிலுக்கு வந்தவன்.

கார்ட்ரிட்ஜ் (ஊசி இருக்கற உறை), க்ரிப் (மெஷின் கைப்பிடி), ட்யூப், இங்க் கப் எல்லாமே ஒரு தடவை யூஸ் பண்ணித் தூக்கிப் போடறதுன்னா, உங்க சட்டம் கேக்காத வரைக்கும் ஆட்டோகிளேவ் வேண்டாம். ஆனா "எல்லாமே"ன்னா எல்லாமே. க்ரிப் மட்டும் ஸ்டீல், நல்லா கனமா பிடிக்க வசதியா இருக்கும், அதை மட்டும் கழுவி யூஸ் பண்ணிக்கறேன்னு ஒண்ணு சேர்த்தாக்கூட ஆட்டோகிளேவ் வந்தாச்சு. கார்ட்ரிட்ஜ் வாங்கறப்போ உள்ள மெம்பிரேன் (மெல்லிசு தடுப்புச் சவ்வு) இருக்கான்னு பாருங்க, அது இல்லன்னா இங்க்கும் ரத்தமும் பின்னாடி ஏறி மெஷினுக்குள்ள போகும், வெளிய எத்தனை பை போட்டாலும் பிரயோஜனம் இல்ல. ஒவ்வொரு பாக்கெட்லயும் ஈஓ (எத்திலீன் ஆக்சைடு) கேஸ்ல ஸ்டெரிலைஸ் பண்ணினதுக்கான குறி, லாட் நம்பர், எக்ஸ்பைரி தேதி மூணும் இருக்கணும். தேதி தாண்டினதையும் பாக்கெட் லேசா கிழிஞ்சதையும் பழகறதுக்கு செயற்கைத் தோலுக்கு வெச்சுக்கோங்க.

ஆட்டோகிளேவ் வாங்கறதா இருந்தா, வாங்கறது சுலபம், அது வேலை செய்யுதான்னு தெரிஞ்சுக்கறதுதான் வேலை. நீராவி 121 டிகிரில, சாதாரண அழுத்தத்துக்கு மேல 15 பிஎஸ்ஐல, பையில போட்டு சீல் பண்ணின கருவிக்கு 30 நிமிஷம் நிக்கணும், வேக்யூம் டைப்ல 134 டிகிரி 3 நிமிஷம்னு போகும், உங்க மெஷின் மேனுவல் என்ன சொல்லுதோ அதுதான் கணக்கு. பை மேல இருக்கற கலர் மாறினா சூடு பட்டுச்சுன்னு மட்டும்தான் அர்த்தம், கிருமி செத்துச்சுன்னு இல்ல. அதுக்கு ஸ்போர் டெஸ்ட் இருக்கு, ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ்னு ஒரு பாக்டீரியாவோட ஸ்போர் (கெட்டி ஓடு போட்டுத் தூங்கற நிலை), சூட்டுக்கு அசராத பய, அவனே செத்தா மத்ததும் செத்திருக்கும்ங்கறதுதான் லாஜிக். அதை உள்ள வெச்சு ஓட்டி லேபுக்கு அனுப்பி ரிப்போர்ட்டை ஃபைல்ல வெச்சுக்கணும். யாராவது இன்ஸ்பெக்ஷன் வந்தா முதல்ல அதைத்தான் கேப்பாங்க. ஆவி போடறதுக்கு முன்னாடி கருவியை நல்லா தேய்ச்சு, முடிஞ்சா அல்ட்ராசோனிக்ல (ஒலி அதிர்வால கழுவற தொட்டில) போட்டு எடுக்கணும், காஞ்ச ரத்தம் ஒட்டியிருந்தா அதுக்கு அடில ஆவி போகாது.

நீல லைட் எரியற யுவி பெட்டி ஒண்ணு விக்கறாங்களே, அது ஸ்டெரிலைசர் இல்ல. வெளிச்சம் நேரா படற இடத்துல மட்டும்தான் வேலை, ட்யூப் உள்பக்கம் இருட்டுதான். கொதிக்கற தண்ணில போடறதும் அப்படித்தான், 100 டிகிரில ஸ்போர் சாகாது.

இன்னொண்ணு, நீங்க டாட்வொர்க், க்ரே எல்லாம் பண்றீங்கங்கறதால சொல்றேன். கறுப்பு இங்க்கை நீங்களே நீர்க்க வெக்கற பழக்கம் இருந்தா ஸ்டெரைல் தண்ணி மட்டும்தான், காய்ச்சி வடிச்ச தண்ணி ஸ்டெரைல் கிடையாது. அமெரிக்கால 2011 கடைசில நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டர்ல ஒரே ஆர்டிஸ்ட்கிட்ட குத்திக்கிட்ட 19 பேருக்கு குத்தின இடத்துல விடாப்பிடியா தடிப்பு வந்துச்சு. மைகோபாக்டீரியம் கெலோனேன்னு, தண்ணில வாழற ஒரு கிருமி. அந்த ஆர்டிஸ்டோட சுத்தத்துல குறை இல்ல, ரெடிமேடா நீர்க்க வெச்சு வந்த க்ரே இங்க்லயே இருந்துச்சு, மூடி திறக்காத பாட்டில்லயும் அதே கிருமியைக் கண்டுபிடிச்சாங்க, நீர்க்க வெச்சது காய்ச்சி வடிச்ச தண்ணில. கம்பெனி அதைத் திருப்பி வாங்கிக்கிச்சு. இது எதுக்குச் சொல்றேன்னா, ஒவ்வொரு கஸ்டமர் ஃபார்ம்லயும் அன்னிக்கு யூஸ் பண்ணின இங்க், அதோட பேட்ச் நம்பர், கார்ட்ரிட்ஜ் லாட் நம்பர் எழுதி வைங்க. எந்த பாட்டில்னு தேடிக் கண்டுபிடிக்கணும்னா உங்க எழுத்து ஒண்ணுதான் இருக்கும். கடைல இதெல்லாம் வேற யாராவது பாத்துப்பாங்க, வீட்ல நீங்கதான் எல்லாமே.

ஹெபடைடிஸ் பி ஊசி போட்டாச்சா? 0, 1, 6 மாசம்னு 3 டோஸ், கடைசி டோஸ் போட்டு ஒண்ணு ரெண்டு மாசத்துல ரத்தம் குடுத்து எதிர்ப்பு வந்திருக்கான்னு பாத்துடுங்க. அந்த வைரஸ் உடம்புக்கு வெளிய, காஞ்ச ரத்தத்துலயே குறைஞ்சது 7 நாள் உயிரோட இருக்கும். கடைல இருந்தா அது கடையோட கவலை, உங்க கேஸ்ல அந்த 7 நாளும் பையன் விளையாடற வீடு. ஊசி கைல குத்திட்டா பிதுக்காதீங்க, சோப்பு தண்ணில கழுவிட்டு அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க, எச்ஐவிக்கான தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் பிரயோஜனம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

திரும்பிப்_போனவன்:

எல்லாரும் எப்படி வெக்கறதுன்னு சொல்றீங்க, வெக்கணுமான்னு நான் கேக்கறேன். கோவிச்சுக்காதீங்க.

நான் ரெண்டு வருஷம் வீட்ல பண்ணிட்டு திரும்ப கடைக்கே போயிட்டேன். சுத்தம், லைசென்ஸ் எல்லாம் பக்காவா வெச்சிருந்தேன், அதுல ஒரு குறையும் இல்ல. என்னைத் தோக்கடிச்சது தனிமை. கடைல நான் ஸ்டென்சில் ஒட்டினதும் பின்னாடி நின்னு ஒருத்தன் "டேய் அது சாஞ்சிருக்கு"ம்பான். வீட்ல யாரு சொல்லுவா? கஸ்டமர் கண்ணாடில பாத்துட்டு சூப்பர் அண்ணாம்பாங்க, அவங்களுக்கு என்ன தெரியும். ஒரு வருஷத்துல என் கோடு தடிச்சுப் போச்சு, கை அழுத்தம் ஏறிடுச்சு, ரெண்டு மூணு பேருக்கு இங்க் பரவி ஓரம் மங்கலாச்சு, ஊசி ஆழமா போகுதுன்னு எனக்கே தெரியல. ஒன்றரை ரெண்டு மில்லிமீட்டர் சமாச்சாரம்ங்க இது, அதுல கொஞ்சம் நழுவினா போச்சு. பழைய ஃபோட்டோவையும் புது ஃபோட்டோவையும் பக்கத்துல வெச்சு ஒரு பழைய கடை நண்பன் காட்டினப்போதான் உறைச்சுது.

இன்னொண்ணு நேரம். கடைன்னா ஷட்டர் போட்டா முடிஞ்சுது. வீடுன்னா ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு பெல் அடிக்குது, போய்ப் பாத்தா முந்தின வாரம் குத்தினவன் சட்டையைத் தூக்கிக் காட்டிட்டு நிக்கறான், "அண்ணா தோல் உரியுது நார்மலா?" நார்மல்தான்டா, நான்தான் நார்மலா இல்ல.

நீங்க போகாதீங்கன்னு சொல்லல. மாசத்துல ரெண்டு நாள் வேற யாராவது கடைல கெஸ்ட்டா உக்காருங்க, நாலு பேர் கண்ணு உங்க வேலை மேல படட்டும். அதை மட்டும் நான் பண்ணியிருந்தா இன்னும் வீட்லயே இருந்திருப்பேன்னு தோணும்.

மேக்னம்_மாமா:

@திரும்பிப்_போனவன் நூத்துக்கு நூறு. நான் குணமான டாட்டூவை ஆறு வாரம் கழிச்சு வரச்சொல்லி ஃபோட்டோ எடுத்து வெச்சுப்பேன், புதுசா குத்தின அன்னிக்கு எல்லாமே அழகாத்தான் இருக்கும், ஆறு வாரம் கழிச்சுத்தான் கை எப்படிப் போயிருக்குன்னு தெரியும்.

நிழல்_பூசறவ:

ஆளுங்களை வீட்டுக்குள்ள விடற கேள்விக்கு இதுவரைக்கும் ஆம்பளைங்க யாரும் பதில் சொல்லல பாத்தீங்களா, அவங்களுக்கு அது கேள்வியாவே தோணியிருக்காது 🙂 நான் சொல்றேன் அக்கா, தனியா வீட்டு ஸ்டூடியோ வெச்சு நாலு வருஷம் ஆச்சு.

அட்ரஸ் எங்கயும் போடாதீங்க. மேப்ல ஏரியா மட்டும் தெரியற மாதிரி வைங்க. முதல் பேச்சு எப்பவும் வீடியோ கால்ல, அதுல டிசைன் மட்டும் இல்ல ஆளையும் பாக்கறேன், எப்படிப் பேசறாங்க, தேவையில்லாத கேள்வி கேக்கறாங்களா, "வேற யாரும் இருக்க மாட்டாங்கல்ல"ன்னு ஒருத்தன் கேட்டான், அங்கயே கட். அட்வான்ஸ் வந்து ஐடி காப்பி பாத்து பேரும் வயசும் சரியான்னு உறுதி பண்ணின அப்புறம்தான் அட்ரஸ், அதுவும் முந்தின நாள் சாயந்தரம். அட்வான்ஸ் வாங்கறதுல இன்னொரு லாபம், வராமப் போறவங்க எண்ணிக்கை சட்டுனு குறையும். நாளைக்கு ஒரே ஆள்னு வெச்சிருக்கறவங்களுக்கு ஒருத்தர் வரலன்னா அன்னிக்கு மொத்த நாளும் காலி.

புது ஆள் வர்ற அன்னிக்கு வீட்ல இன்னொரு பெரியவங்க கண்டிப்பா இருக்கணும்னு வெச்சிருக்கேன். இல்லன்னா தோழி ஒருத்தி வந்து வாசல் பக்கம் லேப்டாப்போட உக்காந்துப்பா. கேமரா வாசல்ல மட்டும், குத்தற ரூமுக்குள்ள வேண்டாம், பாதி பேர் சட்டையைக் கழட்டிட்டுத்தான் உக்கார்றாங்க, அவங்க பயமும் நம்ம பயமும் ஒண்ணுதான். கேமரா இருக்குன்னு முன்னாடியே சொல்லிடுங்க. உள்ள ஒரு மடக்குத் திரை வைங்க, துடைக்கற மாதிரி பிளாஸ்டிக்ல கிடைக்கும். கூட ஒருத்தரை மட்டும் கூட்டிட்டு வரலாம், பத்து பேர் கும்பல் கிடையாது.

நம்ம சேர் வாசலுக்கும் கஸ்டமருக்கும் நடுவுல வர்ற மாதிரி போடுங்க, அதாவது எந்திரிச்சா கதவு உங்க பக்கம் இருக்கணும். இதை யாரும் எனக்குச் சொல்லல, ஒரு தடவை நான் மூலைல மாட்டிக்கிட்டு கஷ்டப்பட்டதுக்கு அப்புறம் மாத்தினேன். பெருசா ஒண்ணும் நடக்கல, ஆனா அன்னிக்கு ரெண்டு மணி நேரம் மெஷினைப் பிடிச்ச கை வேர்த்துக்கிட்டே இருந்துச்சு.

பாத்ரூம் ஹால் வழியாங்கறீங்க, அதான் எனக்கு இடிக்குது. ஆறு மணி நேர சிட்டிங்ல ரெண்டு மூணு தடவை போவாங்க. பாதி குத்தின முதுகோட, ஃபிலிம் சுத்தி, உங்க மாமியார் டிவி பாத்துட்டு இருக்கற ஹாலை ஒருத்தர் கடந்து போறதை நெனச்சுப் பாருங்க. மாமியார் ஏன் பதில் சொல்லலன்னு எனக்குப் புரியுது.

கோட்டுக்காரி:

அய்யோ சிரிச்சுட்டேன், ஆனா அதேதான் விஷயம். நேத்து ராத்திரி இதைப் படிச்சுட்டு அத்தைகிட்டயே உக்காந்து கேட்டேன். அவங்களுக்கு டாட்டூ பிடிக்காதுன்னு நான் நெனச்சிட்டு இருந்தேன், அவங்க சொன்னது வேற. "யாரு எப்ப வருவாங்கன்னு தெரியாம நான் நைட்டியோட எப்படி நடமாடறது"ன்னாங்க. அவ்வளவுதான். எட்டு மாசமா நான் என்னென்னமோ யோசிச்சிருக்கேன்.

இன்னொரு சந்தேகம், ஸ்க்ராட்ச்சர் பேருக்கு யாரும் பதில் சொல்லலயே? என் கடை ஓனர்கிட்ட லேசா சொன்னேன், "போ போ, கிச்சன்ல குத்து"ன்னு சொல்லிட்டார், அது மனசுல நிக்குது.

பழைய_ஃப்ளாஷ்:

அந்தப் பேரைப் பத்தி நான் சொல்றேன் தங்கச்சி. நியூயார்க் சிட்டில 1961ல ஹெபடைடிஸைக் காரணம் காட்டி டாட்டூவையே தடை பண்ணாங்க, 1997 வரைக்கும் தடைதான். 36 வருஷம் அந்த ஊர்ல யாருமே குத்தலயா? அப்பார்ட்மென்ட்ல, வீட்டு ரூம்ல, கதவைச் சாத்திக்கிட்டு குத்தினாங்க. தென் கொரியால 1992ல சுப்ரீம் கோர்ட் டாட்டூ போடறது மருத்துவம்னு சொல்லிடுச்சு, டாக்டர் மட்டும்தான் பண்ணலாம்னு ஆகிப்போச்சு, அதனால போர்டு இல்லாத ரூம்லயும் வீட்லயும் உக்காந்து ஒரு தலைமுறையே வேலை செஞ்சுது, இன்னிக்கு எல்லாரும் கேக்கற அந்த மெல்லிசு ஃபைன்லைன் வேலைல அவங்க கைதான் பேசப்பட்டுது. 2025ல தான் டாக்டர் அல்லாதவங்களுக்கும் லைசென்ஸ் குடுக்கற சட்டம் அங்க பாஸ் ஆச்சு. அதனால வீட்ல குத்தறதுன்னாலே மட்டம்ங்கறது வரலாறு தெரியாத பேச்சு.

ஆனா ஓனர் சொன்னதுல பாதி நியாயமும் இருக்கு. ஸ்க்ராட்ச்சர்னு பேர் வந்தது இடத்தால இல்ல, கத்துக்காம, கழுவாம, வர்றவன் யாருன்னு கேக்காம, பதினாறு வயசுப் பையனுக்கும் குத்தி அனுப்பினவங்களால. அந்த மாதிரி ஆளுங்க குத்தினதை மூடறதுக்கு கவர்-அப் பண்ணியே எனக்குப் பாதி நாள் போகுது, தோல் மேடு மேடா தடிச்சுக் கெடக்கும், அது மேல இங்க் நிக்கவே நிக்காது. இவங்க மேல இருக்கற கோவத்தை உன் மேல காட்டறாங்க. நீ வாதம் பண்ணாத. லைசென்ஸை சுவத்துல மாட்டு, பாக்கெட்டை கஸ்டமர் கண்ணு முன்னாடி பிரி, தேதியைக் காட்டு.

சும்மா_குத்திக்கிட்டவன்:

நான் ஆர்டிஸ்ட் இல்ல, குத்திக்கறவன். கடைலயும் வீட்லயும் ரெண்டு இடத்துலயும் வாங்கியிருக்கேன். வீட்டுக்குப் போறப்போ நான் முதல்ல பாக்கறது குப்பைத்தொட்டியை. காலால திறக்கற மூடி, ஊசி போட தனியா கெட்டி டப்பா, அது இருந்தா உக்காருவேன். ஒரு வீட்ல போனா மஞ்சள் டப்பா வழிஞ்சு ஊசி மூடிக்கு மேல எட்டிப் பாக்குது, வயிறு சரியில்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அப்புறம் சமையல் வாசனை வேண்டாங்க, நாலு மணி நேரம் வலில படுத்திருக்கறப்போ தாளிக்கற வாசனை வந்தா குமட்டுது.

ஆவி_பறக்குது:

@சும்மா_குத்திக்கிட்டவன் கரெக்ட், அந்த டப்பா முக்கால் நிறைஞ்சதும் பூட்டி அனுப்பிடணும், அழுத்தி அழுத்திப் போடறப்போதான் கைல குத்தும். அக்கா, இதை மறந்துட்டேன், கழிவை எடுத்துட்டுப் போக மருத்துவக் கழிவு எடுக்கறவங்ககிட்ட ஒப்பந்தம் போட்டு ரசீது வெச்சுக்கோங்க. வீட்டுக் குப்பைல ஊசி போகவே கூடாது, குப்பை அள்ள வர்றவங்க கைல குத்தும். ரத்தம் தரைல சிந்தினா பேப்பர் டவல்ல ஒத்தி எடுத்துட்டு ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணி, ஊத்தி 10 நிமிஷம் விட்டுத் துடைங்க, அந்தக் கலவையை அன்னன்னிக்குக் கலக்கணும், நேத்து கலந்தது வேலைக்கு ஆகாது.

மயக்கமும் வரும், பழகினவங்களுக்கே வரும். சேர் முழுசா படுக்கை மாதிரி சாயறதா வாங்குங்க, முகம் வெளுத்து வேர்க்க ஆரம்பிச்சதுமே ஊசியை எடுத்துட்டு படுக்க வெச்சு காலை உயர்த்திடுங்க. எந்திரிச்சு நடக்க விடாதீங்க, நடக்கறப்போதான் விழுவாங்க.

கோட்டுக்காரி:

அஞ்சு நாள் கழிச்சு வர்றேன். ஹெல்த் ஆபீஸ் போனேன். வீட்ல அனுமதி உண்டு, ஆனா ரூம்ல சிங்க் வேணும், வீட்டுக்குள்ள போற கதவு நிரந்தரமா மூடியிருக்கணும், வர்றவங்களுக்கு தனி டாய்லெட்னு எழுதியே குடுத்துட்டாங்க. வெளிப்பக்கம் மாடிப்படிக்கு அடில பழைய டாய்லெட் ஒண்ணு பாழடைஞ்சு கெடக்குது, அதைச் சரி பண்ணிட்டா ஹால் பிரச்சனையே இல்ல. பிளம்பர் வந்து பாத்துட்டுப் போயிட்டார், சிங்குக்கும் அதுக்கும் ஒரே லைன்ல தண்ணி எடுத்துடலாம்னார். நடுக் கதவுக்கு உங்க எல்லாரோட புண்ணியத்துல உள்பக்கம் பூட்டு, சாவி அத்தை கைல. அவங்களுக்கு அதுல ஒரே சந்தோஷம்.

கடைல இன்னும் மூணு மாசம் இருப்பேன், அதுக்கப்புறமும் மாசம் ரெண்டு நாள் வரலாமான்னு ஓனர்கிட்ட கேட்டேன். கொஞ்ச நேரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டு அப்புறம், "உன் சேரை யாருக்கும் குடுக்கல"ன்னார். ஹெபடைடிஸ் ரிப்போர்ட் எடுத்தேன், எதிர்ப்பு இருக்கு.

பூனைதான் பிரச்சனை. அந்த ரூம்ல ஜன்னல் திண்டுதான் அதுக்கு ராஜ்ஜியம், மூணு நாளா மூடின கதவுக்கு வெளிய உக்காந்து கத்துது. ஜன்னலுக்கு வெளிப்பக்கமா ஒரு பலகை அடிச்சுக் குடுத்தா அங்க உக்காருமா, யாராவது பண்ணியிருக்கீங்களா?

மேக்னம்_மாமா:

வெளிய உக்காந்து உள்ள பாக்கும். என்னோடது அப்படித்தான், கஸ்டமருக்கெல்லாம் அதைப் பாத்தா வலி தெரியறதில்லயாம். பலகை மட்டும் அகலமா அடி.